ஒரு மெகாவாட் வெப்பம் எங்கே போனது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கொஞ்சம் மின்சாரம் வாங்கிப் பல மடங்கு வெப்பம் தரும் என்று சொல்லப்பட்ட, ஆந்திரேயா ரோசி என்ற இத்தாலியரின் ‘இ-கேட்’ கருவி வந்திருந்தால் உலகத்தின் மின்சாரப் பஞ்சமே தீர்ந்திருக்கும், எண்ணெய் கம்பெனிகள் சேர்ந்து அதை அமுக்கிவிட்டன என்று ஒரு வீடியோவில் பார்த்தீர்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சோதித்துச் சான்று கொடுத்திருக்கிறார்கள், இண்டஸ்ட்ரியல் ஹீட் என்ற அமெரிக்க நிறுவனம் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து உரிமம் வாங்கியிருக்கிறது, அப்படியிருந்தும் அது எப்படிக் காணாமல் போனது என்று கேட்கிறீர்கள். இப்போதும் முன்பதிவு வாங்குகிறார்களாமே, பெயர் கொடுத்து வைக்கலாமா என்பது கடைசிக் கேள்வி. கோல்ட் ஃப்யூஷன், அதாவது பெரும் சூடில்லாமலே நடக்கும் அணுக்கரு இணைவு, சாத்தியமா இல்லையா என்பதைவிட, இத்தனை படித்தவர்களும் பணக்காரர்களும் ஒன்றுமில்லாத ஒன்றையா நம்பியிருப்பார்கள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

என் வேலை வெப்பத்தை அளப்பது. சாயப்பட்டறை, சர்க்கரை ஆலை, காகித ஆலை என்று பாய்லரும் ஸ்டீம் லைனும் இருக்கிற இடங்களில் எனர்ஜி ஆடிட் செய்து பல வருடங்கள் ஆகின்றன. அணு இயற்பியல் என் துறை அல்ல. அந்தப் பகுதியில் இயற்பியலாளர்கள் எழுதியதைப் படித்துப் புரிந்துகொண்ட அளவுக்கே பேசுவேன். ஆனால் இ-கேட் விவகாரத்தில் அணுவுக்குள் என்ன நடந்தது என்ற வாதம் பாதிதான். எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, அதில் எவ்வளவு ஆவியானது, மீட்டரை வைத்தது யார், படித்தது யார் என்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியை மட்டும் வைத்தே முடிவுக்கு வந்துவிட முடியும் என்பது என் கருத்து.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃப்ளைஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். கனநீரில் பல்லேடியம் மின்முனையை வைத்து மின்சாரம் செலுத்தியதில், எந்த வேதிவினையாலும் விளக்க முடியாத அளவு வெப்பம் வந்தது என்று அறிவித்தார்கள். சூரியனின் மையத்தில் கோடி டிகிரிக்கு மேல் நடக்கும் அணுக்கரு இணைவு, மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவையில் நடக்கிறது என்பது அதன் பொருள். உலகமெங்கும் ஆய்வகங்கள் செய்து பார்த்தன. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓரிரு வருடங்களுக்குள் பெரும்பான்மை இயற்பியலாளர்கள் அதைக் கைவிட்டார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் விடவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. அய்யங்கார் இயக்குநராக இருந்தபோது எம். ஸ்ரீனிவாசன் உள்ளிட்டவர்கள் சோதனை செய்து, அணுவினை நடந்ததற்கு அடையாளமான ட்ரிட்டியமும் நியூட்ரானும் கண்டதாக அறிக்கை வெளியிட்டார்கள். இந்தத் துறையின் 16ஆவது சர்வதேச மாநாடு 2011 பிப்ரவரியில் சென்னையில்தான் நடந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ரோசி இத்தாலியில் தன் கருவியை ஓட்டிக் காட்டியிருந்தார். சென்னைக்கு வந்தவர்களின் பேச்சிலும் அது அடிபட்டது. இருபது வருடங்களாக ஒரு வாட்டுக்கும் இரண்டு வாட்டுக்கும் அல்லாடிக்கொண்டிருந்தவர்களிடம் ஒருவர் வந்து பத்து கிலோவாட் என்கிறார். அவர்களில் பலர் சொந்தப் பெயரையும் பதவி உயர்வையும் பணயம் வைத்து நேர்மையாக உழைத்தவர்கள். அந்த ஏக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் இ-கேட் எழுந்த கதை புரியாது.

ரோசி அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர் அல்ல. வடக்கு இத்தாலியின் லோம்பார்டியில் பெட்ரோல்டிராகன் என்ற கம்பெனி நடத்தியவர். குப்பையையும் தொழிற்சாலைக் கழிவையும் எண்ணெயாக மாற்றுவதாகச் சொன்ன கம்பெனி அது. கழிவு வந்து குவிந்தது, சொன்ன எண்ணெய் வரவில்லை. பல்லாயிரம் டன் நச்சுக் கழிவை அகற்ற அந்த மாநில அரசு கோடிக்கணக்கில் செலவிட வேண்டியதாயிற்று. ரோசி சிறையில் இருந்தார். பல குற்றச்சாட்டுகளில் விடுவிக்கப்பட்டார், சிலவற்றில் தண்டனை பெற்றார். அப்புறம் அமெரிக்கா போய், வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக்கும் கருவியில் இறங்கினார். ஒவ்வொன்றும் 800 முதல் 1000 வாட் தரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அமெரிக்க ராணுவப் பொறியியல் ஆய்வு மையத்தின் அறிக்கைப்படி, வந்து சேர்ந்த 27 கருவிகளில் 19 மின்சாரமே தரவில்லை, மீதி எட்டும் தலைக்கு ஒரு வாட்டுக்கும் குறைவாகத் தந்தன. ஒருவருடைய பழைய கணக்கு சரியில்லை என்பதால் புதியதும் பொய்யாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த முறை அளவீட்டை அவர் கையில் விடக்கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். விட்டார்கள். கடைசிவரை விட்டார்கள்.

2011 ஜனவரி 14, பொலோனியா நகரம். ரோசிக்குப் பக்கத்தில் நின்றவர் செர்ஜியோ ஃபோகார்டி. பொலோனியா பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர், 1990களிலிருந்தே நிக்கலும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் கூடுதல் வெப்பம் வருகிறது என்று சொல்லிவந்தவர். அதே பல்கலைக்கழகத்தின் ஜியூசெப்பே லெவி அளவீடு செய்தார். நிக்கல் தூள், ஹைட்ரஜன் வாயு, ரோசி யாருக்கும் சொல்லாத ஒரு வினையூக்கி, வெளியில் ஒரு ஹீட்டர். ஒரு பக்கம் பம்ப் வழியாகத் தண்ணீர் போகும், மறுபக்கம் ஆவி வரும். சில நூறு வாட் மின்சாரம் கொடுத்து 12 கிலோவாட் அளவுக்கு வெப்பம் எடுத்ததாகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதுவே அச்சு. அதே வருடம் ஜூன் மாதம் ஸ்டீவன் கிரிவிட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பொலோனியா போய் ஒரு கருவியைப் படம் எடுத்துவந்தார். அங்கே சொல்லப்பட்ட கணக்கு: மணிக்கு 7 லிட்டர் தண்ணீர் போகிறது, உள்ளே போகும் மின்சாரம் முக்கால் கிலோவாட் அளவு, வெளியே வருவது 5 கிலோவாட் அளவு. நீங்களே போட்டுப் பாருங்கள். 25 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 314 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு கிலோவை 100 டிகிரியிலேயே முழுதாக ஆவியாக்க மேற்கொண்டு 2257 கிலோஜூல் வேண்டும், அதாவது ஏழு மடங்கு. ஏழு கிலோ தண்ணீரும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாகியிருந்தால் 5 கிலோவாட் கணக்கு சரிதான். தண்ணீர் கொதிநிலையைத் தொட்டு, கொஞ்சம் மட்டும் ஆவியாகி, மீதி சூடான தண்ணீராகவே குழாய் வழியாக வழிந்திருந்தால்? தேவைப்படுவது 0.6 கிலோவாட்டும் சொச்சமும். உள்ளே போன மின்சாரமே அதற்குப் போதும். இரண்டு நிலையிலும் தெர்மாமீட்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆக, அதிசயம் முழுவதும் ‘எல்லாம் ஆவியாகிவிட்டது’ என்ற ஒரே ஒரு அனுமானத்தின்மேல் நின்றது.

ஆவி உலர்ந்ததுதான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் ஒரு புரோபைக் குழாயில் நுழைத்துப் பார்த்தார்கள். பாய்லர் ஹவுஸில் வேலை செய்த யாருக்கும் இது வயிற்றைக் கலக்கும். அந்தப் புரோப், காற்றில் எவ்வளவு நீராவி கலந்திருக்கிறது என்பதைச் சொல்லும். ஆவிக்குள் மிதந்துவரும் நீர்த்துளியை அதனால் பார்க்க முடியாது. ஸ்டீமின் உலர்வை அளக்க த்ராட்லிங் கலோரிமீட்டர் என்று நூறு வருடத்துக்கு மேலாக ஒரு கருவி இருக்கிறது. அதுகூட வேண்டாம். வெளியே வரும் குழாயை ஒரு வாளிக் குளிர்ந்த நீரில் விட்டு, பத்து நிமிடத்தில் வாளியின் எடை எவ்வளவு கூடியது, சூடு எவ்வளவு ஏறியது என்று பார்த்தால் விஷயம் முடிந்தது. டிப்ளமோ மாணவர்கள் லேபில் செய்கிற பரிசோதனை. கிரிவிட் எடுத்த வீடியோவில் குழாயின் வாயிலிருந்து வரும் ஆவி மந்தமாக எழுந்து போவதைப் பார்க்கலாம். ஏழு கிலோ தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஆவியானால் அது கிட்டத்தட்ட 12 கன மீட்டர். சிறிய ரப்பர் குழாயிலிருந்து அவ்வளவு ஆவி வந்தால் சீறிக்கொண்டு வரும், பக்கத்தில் கை வைக்க முடியாது.

அணு இயற்பியல் பக்கத்திலும் ஒரு கேள்வி இருந்தது. நிக்கல் அணுக்கரு ஒரு புரோட்டானை விழுங்கித் தாமிரமாகிறது என்பது ரோசியும் ஃபோகார்டியும் சொன்ன விளக்கம். அப்படி 10 கிலோவாட் வர வேண்டுமென்றால், ஒரு வினாடிக்கு நூறு கோடி கோடி என்ற அளவில் வினைகள் நடக்க வேண்டும். அதில் ஒரு சிறு பங்கு காமாக் கதிராக வெளியே வந்தாலும் அந்த அறையில் இருந்தவர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள். காமா மீட்டரில் குறிப்பிடும்படி ஒன்றும் வரவில்லை. எரிந்த தூள் என்று ரோசி கொடுத்ததை ஸ்வீடனின் ஸ்வென் குல்லாண்டர் சோதித்தபோது அதில் பத்து சதவீதம் தாமிரம் இருந்தது. ஆனால் அதன் ஐசோடோப் விகிதம், அதாவது எடை வேறுபட்ட தாமிர அணுக்கள் கலந்திருக்கும் விகிதம், கடையில் வாங்கும் தாமிரத்தின் விகிதமே. அணுவினையில் பிறந்த தாமிரம் அப்படி இருக்க வாய்ப்பில்லை என்பதை நான் சொல்லவில்லை, அந்தத் துறைக்காரர்கள் சொன்னார்கள்.

இதற்கெல்லாம் பதில் வரும் முன்பே அடுத்த மேடை தயாராகிவிட்டது. 2011 அக்டோபர் 28 அன்று, ஷிப்பிங் கண்டெய்னருக்குள் பல இ-கேட்களை அடுக்கி ‘ஒரு மெகாவாட் ஆலை’ என்று ஓட்டினார்கள். 479 கிலோவாட் கிடைத்ததாக அறிவித்தார்கள். வாங்குபவர் பெயர் ரகசியம், அளந்தவர் வாங்குபவரின் ஆள், பக்கத்தில் பெரிய டீசல் ஜெனரேட்டர் இணைப்போடு நின்றது. பார்க்க வந்தவர்கள் கிட்டே போய் அளக்க முடியவில்லை. இதே சமயத்தில் கிரேக்கத்தில் டெஃப்காலியான் என்ற கம்பெனி ரோசியோடு சேர்ந்து தொழிற்சாலை கட்டுவதாக அறிவித்து, சில மாதங்களில் பிரிந்து, தானே ஒரு கருவி செய்வதாகக் கிளம்பியது. அதன் இத்தாலியப் பங்காளிகளே பிற்பாடு ஃப்ளோமீட்டரை ஆராய்ந்து, தண்ணீர் சரியாக ஓடாதபோதும் அது ஓட்டம் இருப்பதாகக் காட்டும் என்று எழுதினார்கள். அந்தக் கதையை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி இண்டஸ்ட்ரியல் ஹீட். வட கரோலினாவின் ராலி நகரில் டாம் டார்டன் என்பவர் செரோக்கி என்ற முதலீட்டு நிறுவனம் நடத்திவந்தார். மாசுபட்ட தொழிற்சாலை நிலங்களை வாங்கிச் சுத்தப்படுத்தி விற்பது அதன் தொழில். சுற்றுச்சூழலில் உண்மையான அக்கறை உள்ளவர் என்றே பெயர். அவரும் கூட்டாளிகளும் இ-கேட்டுக்காகவே இண்டஸ்ட்ரியல் ஹீட்டைத் தொடங்கி, 2012 அக்டோபரில் ரோசியோடு ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 10 கோடியே 5 லட்சம் டாலர், மூன்று தவணை. முதலில் 15 லட்சம். ஒரு நாள் சோதனையில் தேறினால் 1 கோடி. கடைசியாக, 350 நாட்கள் ஓட்டிக் காட்டித் தேறினால் 8.9 கோடி. 2013இல் இத்தாலியில் 24 மணி நேரச் சோதனை நடந்து, ஒரு இத்தாலியப் பொறியாளர் தேர்ச்சி என்று சான்றளிக்க, அந்த 1 கோடியும் கைமாறியது.

டார்டன் தரப்பின் கணக்கு எனக்குப் புரிகிறது. நூறில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும், ஜெயித்தால் உலகமே மாறும், தோற்றால் ஒரு கோடி போகும். புதுத் தொழிலில் பணம் போடுகிறவர்கள் இப்படித்தான் யோசிப்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் அளவீட்டு முறையை இறுக்கி எழுதாமல் விட்டது பெரிய கோளாறு. ஒரு சாதாரண பாய்லர் வாங்கும் ஆர்டரில்கூட எந்த ஸ்டாண்டர்டுபடி எஃபிஷியன்சி டெஸ்ட், எந்த மீட்டர், யார் கேலிப்ரேஷன் செய்தது என்று பக்கம் பக்கமாக எழுதிக் கையெழுத்து வாங்குவோம்.

நீங்கள் சொன்ன பேராசிரியர்களின் சான்று 2013இலும் 2014இலும் வந்த இரண்டு அறிக்கைகள். இரண்டாவதை லுகானோ அறிக்கை என்பார்கள், சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 32 நாட்கள் ஓட்டியதால். லெவியும் ஸ்வீடன்காரர்களும் சேர்ந்த குழு. இந்த முறை தண்ணீரே இல்லை. அலுமினா என்ற பீங்கான் குழாய்க்குள் தூளை வைத்து, மின்கம்பியால் சூடாக்கி, குழாயின் மேற்பரப்பு எவ்வளவு சூடு என்று இன்ஃப்ராரெட் கேமராவால் பார்த்தார்கள். வெப்பநிலை 1400 டிகிரி வரை போனதாகவும், கொடுத்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல் வெளியே வந்ததாகவும் எழுதினார்கள். கேமரா வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. வந்து விழும் கதிரை அளந்து, அந்தப் பொருளின் எமிசிவிட்டி, அதாவது கதிர் வீசும் திறன், இவ்வளவு என்று நாம் கொடுக்கும் எண்ணை வைத்து வெப்பநிலையைக் கணக்கிடும். அந்தக் கேமரா பார்ப்பது 7.5 முதல் 13 மைக்ரான் அலைநீளத்தை மட்டும். அந்த அலைநீளத்தில் அலுமினா நன்றாகவே கதிர் வீசும், எமிசிவிட்டி 0.9க்கு மேல். குழு கொடுத்தது எல்லா அலைநீளத்துக்கும் சேர்த்த சராசரி, சுமார் 0.4. கதிர் இவ்வளவு வருகிறது, பொருளோ மோசமாக வீசுகிறது, அப்படியானால் வெப்பநிலை மிக அதிகமாக இருக்க வேண்டும் என்று கேமரா உயர்த்திச் சொல்லிவிட்டது. சரியான எண்ணைப் போட்டுத் திரும்பக் கணக்கிட்டவர்களுக்கு 1400 டிகிரி 800க்குக் கீழே இறங்கியது, கூடுதல் வெப்பம் என்பதே ஏறக்குறைய இல்லாமல் போனது. ஃப்ளைஷ்மன் பெயரிலேயே இயங்கும், கோல்ட் ஃப்யூஷன்மேல் நம்பிக்கை கொண்ட ஒரு தன்னார்வக் குழுவும் அதே போன்ற குழாயை எரிபொருள் இல்லாமல் சூடாக்கிப் பார்த்து இந்தப் பிழையை உறுதி செய்தது. அவர்களை நான் மதிக்கிறேன். ஆசைப்பட்ட முடிவுக்கு எதிராக வந்ததையும் அப்படியே வெளியிட்டார்கள்.

இதில் என்னை வருத்துவது, இதைத் தவிர்க்க எத்தனையோ வழி இருந்தது என்பது. தூள் போடாத காலிக் குழாயை அதே மின்சக்தியில் ஓட்டி ஒப்பிட்டிருக்கலாம். குழாய் வெடித்துவிடுமோ என்று குறைந்த சக்தியில் மட்டும் ஓட்டினார்கள். குழாயின் மேற்பரப்பிலேயே தொட்டு வெப்பம் அளக்கும் ஒரு தெர்மோகப்பிளை ஒட்டி, கேமரா சொல்வது சரியா என்று பார்த்திருக்கலாம். சூடேற்றும் கம்பி இன்கோனல் என்ற உலோகக் கலவை என்று அவர்கள் அறிக்கையே சொல்கிறது. இன்கோனல் 1400 டிகிரி சுற்றிலேயே உருகிவிடும், குழாயின் வெளிப்புறமே 1400 என்றால் உள்ளே இருக்கும் கம்பி இன்னும் சூடாக அல்லவா இருக்க வேண்டும்? ஃபர்னஸ் வேலை பார்க்கும் ஒரு ஃபிட்டரைக் கூட்டிவந்து காட்டியிருந்தால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருப்பார். அறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: எரிந்த தூளில் நிக்கல்-62 என்ற ஐசோடோப் 98 சதவீதத்துக்கு மேல். இயற்கையில் அது 3.6 சதவீதம்தான். கேட்க அசரவைக்கும். ஆனால் தூளைப் போடும்போதும் எடுக்கும்போதும் ரோசி அங்கே இருந்து கையாண்டார் என்று அதே அறிக்கை சொல்கிறது, செறிவூட்டிய நிக்கல்-62 விலைக்கும் கிடைக்கும். தூளை மாற்றினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. மாற்ற முடியாதபடி சோதனை நடக்கவில்லை, அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்.

கடைசித் தவணைக்கான சோதனை 2015 பிப்ரவரியில் ஃபுளோரிடா மாநிலம் மயாமிக்குப் பக்கத்தில் டோரல் என்ற ஊரில், ஒரு கிடங்கில் தொடங்கியது. ஒரு பக்கம் ஒரு மெகாவாட் ஆலை. சுவருக்கு மறுபக்கம் அந்த ஸ்டீமை வாங்கிப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் கம்பெனி. அதன் தலைவர் ரோசியின் வழக்கறிஞர் என்பது பிறகு நீதிமன்ற ஆவணங்களில் தெரிந்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்க்க இண்டஸ்ட்ரியல் ஹீட்டின் பொறியாளரை விடவில்லை. அளந்து சான்றளித்தவர் 2013இல் சான்றளித்த அதே இத்தாலியப் பொறியாளர். வருடம் முடிந்ததும், கொடுத்ததைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் வெளியே வந்தது என்று அறிக்கை தந்தார்.

அந்த அறிக்கை பற்றி இண்டஸ்ட்ரியல் ஹீட்டின் பொறியாளர் எழுப்பிய கேள்விகள் நீதிமன்றத்தில் தாக்கலாகியிருக்கின்றன. என் தொழிலில் இருக்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும். தண்ணீர் ஓட்டம் நாள்தோறும் 36,000 கிலோ என்று, நாள் கணக்கில் மாறாமல் ஒரே எண். உண்மையான எந்த ஆலையிலும் இரண்டு நாள் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை. ஃப்ளோமீட்டருக்குள் துருக்கறை பாதி உயரத்தில் கோடு போட்டிருந்தது, அதாவது குழாய் நிரம்பி ஓடவில்லை. முழுக் குழாய்க்கென்று செய்த மீட்டர் பாதிக் குழாயில் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஸ்டீம் அழுத்தம் பூஜ்யம் பார் என்று பதிவு. அழுத்தமே இல்லாத ஸ்டீம் குழாயில் எப்படி அடுத்த கட்டடப் பகுதிக்குப் போகும்? வெப்பநிலை நூறு டிகிரிக்குச் சற்று மேலே. கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே அந்தச் சூட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். நான்கு வருடங்களுக்கு முன் பொலோனியாவில் இருந்த அதே ஓட்டை.

இதைவிட எளிமையான கேள்வி ஒன்று உண்டு. நாளுக்கு 36,000 கிலோ என்றால் மணிக்கு ஒன்றரை டன் ஸ்டீம். நம் ஊர்ச் சாயப்பட்டறையில் அந்த அளவு பாய்லருக்கு மணிக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் விறகு போகும். அவ்வளவு வெப்பமும் ஒரு கிடங்கின் பக்கத்து அறைக்குள் இரவும் பகலும் போய்க்கொண்டிருந்தால், அதை வெளியே தள்ள கூலிங் டவரோ பெரிய விசிறிகளோ இல்லாமல் உள்ளே மனிதர் நிற்கவே முடியாது. கட்டடத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை. மாடியில் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்து ஜன்னல் வழியாக வெப்பத்தை ஊதித் தள்ளியதாகவும், சோதனை முடிந்ததும் கழற்றிவிட்டதாகவும் ரோசி சொன்னார்.

இண்டஸ்ட்ரியல் ஹீட் 8.9 கோடியைக் கொடுக்க மறுத்தது. 2016 ஏப்ரலில் ரோசி வழக்குப் போட்டார், மும்மடங்கு நஷ்டஈடாக 26.7 கோடி டாலர் வரை கேட்டு. ஏமாற்றப்பட்டோம் என்று இண்டஸ்ட்ரியல் ஹீட் எதிர்வழக்குப் போட்டது. 2017 ஜூன் கடைசியில் மயாமியில் விசாரணை தொடங்கி, சில நாட்களிலேயே, ஜூலை 5 வாக்கில், இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. 8.9 கோடி ரோசிக்குக் கிடைக்கவில்லை. ஏற்கனவே வாங்கிய 1 கோடியே 15 லட்சத்தை அவர் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. உரிமமும் கருவிகளும் அவரிடமே திரும்பின. மோசடி நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ எந்த நடுவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ரோசியை மோசடிக்காரர் என்று நீதிமன்றம் சொன்னதாக வரும் பதிவுகளையும், வழக்கில் அவர் ஜெயித்தார் என்று வரும் பதிவுகளையும் ஒரே மாதிரி ஒதுக்கிவிடுங்கள்.

பணத்தின் பக்கம் கதை அங்கே முடியவில்லை. டோரல் சோதனை நடந்துகொண்டிருந்த 2015இல் பிரிட்டனின் புகழ்பெற்ற நிதி மேலாளர் நீல் வுட்ஃபோர்டின் நிறுவனம் இண்டஸ்ட்ரியல் ஹீட்டில் சுமார் 5 கோடி டாலர் போட்டது. வுட்ஃபோர்டின் ஃபண்டில் இருந்தது சாதாரண மக்களின் சேமிப்பு, ஓய்வூதியப் பணம். ரோசியோடு உறவு முறிந்த பிறகும், வேறு ஆய்வாளர்களுக்கு நிதி கொடுத்துக்கொண்டிருந்த இண்டஸ்ட்ரியல் ஹீட்டின் மதிப்பை 2018இல் பல மடங்கு உயர்த்திக் கணக்கில் காட்டினார்கள். சந்தையில் விற்கும் பொருள் ஒன்றுகூட இல்லாத கம்பெனி அது. 2019 ஜூன் 3 அன்று அந்த ஃபண்ட் முடக்கப்பட்டது, மூன்று லட்சம் பேரின் பணம் மாட்டிக்கொண்டது. ஃபண்ட் விழுந்ததற்கு இண்டஸ்ட்ரியல் ஹீட் மட்டும் காரணம் என்று சொன்னால் தப்பு, எளிதில் விற்க முடியாத பங்குகள் அதில் நிறைய இருந்தன, இது அவற்றில் ஒன்று. ஆனாலும் பொலோனியாவில் ஒரு வாளித் தண்ணீரில் தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி, எட்டு வருடங்கள் கழித்து இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் சேமிப்பில் போய் விழுந்திருக்கிறது. எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

எண்ணெய் கம்பெனிகள் அமுக்கின என்பதற்கு நான் படித்த எந்த ஆவணத்திலும் அடையாளம் இல்லை. நடந்ததெல்லாம் அதற்கு நேர்மாறு. பணம் தேடி வந்தது, 2015 ஆகஸ்டில் ரோசிக்கு ஒரு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது, 2017க்குப் பிறகு முழு உரிமையும் அவர் கையில். விற்பதை யாரும் தடுக்கவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது: வெளியில் காட்டப்பட்ட ஒவ்வொரு பெரிய சோதனையிலும் கூடுதல் வெப்பத்தைச் சாதாரணப் பிழையால் விளக்கிவிட முடிகிறது, அந்தப் பிழையை அடைக்கும் எளிய சோதனை செய்யப்படவே இல்லை. உறுதியாகச் சொல்ல முடியாதது ரோசியின் மனதில் என்ன இருந்தது என்பது. தானே நம்பினாரா, முதலில் நம்பிப் பிறகு திரும்ப வழியில்லாமல் போனாரா, ஆரம்பத்திலிருந்தே தெரிந்து செய்தாரா? மூன்றுக்கும் வாதம் இருக்கிறது. வாடிக்கையாளர் விஷயத்தைப் பார்க்கும்போது முதல் விளக்கத்தை ஏற்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அது என் அபிப்பிராயம்.

பேராசிரியர்கள் எப்படி ஏமாந்தார்கள் என்றால், அவர்கள் பெரும்பாலும் துகள் இயற்பியலிலும் கோட்பாட்டிலும் ஊறியவர்கள். வெப்பத்தை அளப்பது ஒரு தனிக் கைவேலை, மீட்டர் எங்கெங்கே பொய் சொல்லும் என்பது அதில் அடிபட்டவர்களுக்குத்தான் தெரியும். அதோடு, காட்டப்படுவது ஏமாற்றாக இருக்கலாம் என்று நினைத்துச் சோதிக்கும் பழக்கம் விஞ்ஞானிகளுக்குக் குறைவு. இயற்கை ஒளித்து வைக்கும், ஆனால் வேண்டுமென்றே தடம் மாற்றாது. ரோசியின் அறையில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ரோசியே தீர்மானித்தார்.

இதை வைத்துத் துறையையே குப்பை என்று ஒதுக்கிவிடவும் மாட்டேன். கூகுள் 2015இலிருந்து சுமார் 1 கோடி டாலர் செலவில், முப்பது பேர் கொண்ட குழுவை வைத்து இந்தச் சோதனைகளை அமைதியாகத் திரும்பச் செய்து பார்த்தது. 2019இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள்: கோல்ட் ஃப்யூஷன் நடந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் உலோகத்துக்குள் ஹைட்ரஜன் எப்படி நடந்துகொள்கிறது என்பது பற்றியும் வெப்பத்தைத் துல்லியமாக அளப்பது பற்றியும் உருப்படியாகக் கற்றுக்கொண்டார்கள். 2023இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்பா-இ அமைப்பும் எட்டுக் குழுக்களுக்குச் சேர்த்து 1 கோடி டாலர் அளவுக்கு நிதி அறிவித்தது. ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று ஒரேயடியாகத் தெரிந்துகொள்வதுதான் நோக்கம். இப்படி நடக்கும் வேலைக்கு நான் ஆதரவு.

முன்பதிவு விஷயம். நீதிமன்ற சமரசத்துக்குப் பிறகு ரோசி 2017 நவம்பரில் ஸ்டாக்ஹோமில் ஒரு குட்டிக் கருவியையும், 2019இல் இன்னொன்றையும் காட்டினார். 2021 டிசம்பரில் கைக்குள் அடங்கும் ஒன்றைக் காட்டி, பத்து லட்சம் முன்பதிவு சேர்ந்த பிறகே விநியோகம் என்று அறிவித்தார். முன்பணம் கேட்காததால் பெயர் கொடுப்பதில் உங்களுக்குப் பண நஷ்டம் இல்லை. ஆனால் அந்தப் பத்து லட்சத்தில் ஒன்றாக உங்கள் பெயரும் சேர்ந்து, இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அடுத்த முதலீட்டாளரிடம் காட்டப்படலாம். அதனால் வேண்டாம் என்பேன். நூறு வாட் தொடர்ந்து தரும் கருவி உண்மையிலேயே இருந்தால் அதற்குப் பத்து லட்சம் பேர் தேவையில்லை. ஒன்றே ஒன்றை, சம்பந்தமில்லாத ஒரு சோதனைக்கூடத்துக்குக் கொரியரில் அனுப்பி, அவர்களுடைய மீட்டரில் ஒரு மாதம் ஓடவிட்டால் போதும். அப்படி ஒரு அறிக்கை வந்தால் இங்கேயே பகிருங்கள், முழுதாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.